டேப் விசை எங்கே நிற்கும், எங்கே நிற்காது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தம்பிக்கு 24 வயது, பி.காம் முடித்தவர். இரண்டு வருடம் முன்பு பார்வை முழுவதும் போய்விட்டது. கைபேசியை, திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்து நன்றாகவே பயன்படுத்துகிறார். கணக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று மடிக்கணினியில் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரை (திரையில் இருப்பதைப் பேசிச் சொல்லும் மென்பொருள்) நிறுவிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போகிறார். ஓர் இணையப் பக்கத்தில் நூறு தடவை தட்டியும் வேண்டிய இடம் வரவில்லை. கணக்கு மென்பொருளைத் திறந்தால் பேச்சே வருவதில்லை. "இது எனக்குச் சரிப்படாது அக்கா" என்று மூடி வைத்துவிட்டார். மவுஸைத் தொடாமல் அலுவலக வேலையைச் செய்ய முடியுமா, எங்கே தவறு என்று கேட்கிறீர்கள்.

முடியும். நானும் பார்வையற்றவன்தான். இந்தப் பதிலையும் என்விடிஏ வைத்துத்தான் எழுதுகிறேன். பார்வை இழந்து வரும் இளைஞர்களுக்குப் பல வருடங்களாகக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் தம்பி நிற்கும் இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். கைபேசியில் பழகியதை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறார், அவ்வளவுதான். கைபேசியை முதலில் கற்றுவிட்டுக் கணினிக்கு வருகிற பெரும்பாலானோர் இதே படியில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

டாக்பேக்கில் விரலை வலப்பக்கம் வீசினால் அடுத்தது வரும். எழுத்தோ படமோ பட்டனோ, ஒன்று விடாமல் வரிசையாக வரும். வீசிக்கொண்டே போனால் திரை முழுவதும் காதில் விழுந்துவிடும். டேப் விசையின் வேலை வேறு. விசை அழுத்தினால் ஏதாவது நடக்கக்கூடிய இடங்களில் மட்டும்தான் அது நிற்கும்: லிங்க், பட்டன், எழுதும் பெட்டி, டிக் பெட்டி. நடுவிலிருக்கும் எழுத்தையெல்லாம் தாண்டிப் போய்விடும். பார்வையுள்ளவர் டேப் தட்டும்போது அந்த எழுத்து அவர் கண்ணில் தானாகப் படுகிறது. தம்பிக்கு அது அங்கே இருப்பதாகவே தெரியாது.

இது எவ்வளவு பெரிய இடி என்று எனக்கு ஒரு விண்ணப்பம் கற்றுத்தந்தது. கணினிக்குப் புதிதாக வந்த நாட்களில் ஒரு வேலைக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். பெட்டி பெட்டியாக டேப் தட்டி நிரப்பி, சமர்ப்பிக்கும் பட்டனில் என்டர் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சரிபார்த்து அடித்தேன். மூன்று நாள் அப்படியே போயிற்று, கடைசித் தேதியும் போயிற்று. பிறகு நண்பர் ஒருவர் பார்த்துச் சொன்னார்: பக்கத்தின் மேலே சிவப்பு எழுத்தில் "பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தரவும்" என்று ஒரு வரி இருந்ததாம். அது வெறும் எழுத்து என்பதால் டேப் அதில் நிற்கவே இல்லை. கீழ் அம்புக்குறியை அழுத்திப் படித்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன். டேப் தவிர வேறு வழி இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தம்பிக்கு நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: டேப் என்பது செயலுக்கான விசை, படிப்பதற்கு அம்புக்குறி. கைபேசியில் விரல் வீசுவதற்கு ஈடானது இணையப் பக்கத்தில் கீழ் அம்பு.

இதற்கு மேல் போக வேண்டுமானால் ஸ்க்ரீன் ரீடர் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. பெயர்தான் திரைவாசிப்பான், அது திரையைப் பார்ப்பதில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் நிலைமை எளிதாக இருந்தது. திரை என்பது 80 எழுத்து அகலம், 25 வரி. அந்த எழுத்துகள் நினைவகத்தில் எழுத்தாகவே இருந்தன, எடுத்துப் பேசினால் போதும். விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் 1989இல் கொண்டுவந்த ஜாஸ் என்ற ஸ்க்ரீன் ரீடர் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். விண்டோஸ் வந்ததும் திரை முழுவதும் புள்ளிகளால் ஆன படமாகிவிட்டது. மென்பொருள் எதை எங்கே வரையச் சொல்கிறது என்பதை நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்டு, தன் நினைவில் ஒரு நகல் திரையைக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி வந்த பிறகு வேறு வழி திறந்தது. திரையிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன்னைப் பற்றித் தானே சொல்லும் ஏற்பாடு அது. "நான் ஒரு டிக் பெட்டி, என் பெயர் இது, இப்போது டிக் செய்யப்பட்டிருக்கிறேன்" என்பதுபோல. இன்றைய ஸ்க்ரீன் ரீடர்கள் பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான் கேட்டு நமக்குச் சொல்கின்றன.

இந்தப் பொருட்கள் ஒரு மரம்போல அடுக்கப்பட்டிருக்கும். ஜன்னல் ஒன்று, அதற்குள் ஒரு கருவிப்பட்டை, அதற்குள் நாலு பட்டன்கள் என்று. அந்த மரத்தில் நடமாட என்விடிஏ மூன்று வழி தருகிறது. ஃபோகஸ் ஒன்று, அதாவது அழுத்தும் விசை போய்ச் சேரும் இடம்; டேப்பும் அம்புக்குறியும் மென்பொருளின் சொந்த விதிப்படி அதை நகர்த்துவது. பிரவுஸ் மோட் இரண்டாவது; இணையப் பக்கத்தை ஒரே நீளமான கட்டுரைபோல விரித்து வைத்துப் படிப்பது. ஆப்ஜெக்ட் நேவிகேஷன் மூன்றாவது. டேப் போகாத கிளைகளுக்கும் நாமே ஏறி இறங்குவது. திறமை என்பது ஷார்ட்கட்டுகளை மனப்பாடம் செய்வதில் இல்லை. இப்போது நான் இந்த மூன்றில் எதில் நிற்கிறேன் என்று எந்த நிமிடமும் தெரிந்திருப்பதில் இருக்கிறது. என்னிடம் "என்னமோ ஆகிவிட்டது, பேச மாட்டேன் என்கிறது" என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் குழப்பம்தான்.

விசைகளுக்குள் போகும் முன் சில ஏற்பாடுகள். மடிக்கணினி என்பதால் என்விடிஏ அமைப்புகளில் கீபோர்டு பகுதிக்குப் போய் லேப்டாப் லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். கேப்ஸ் லாக் விசையை என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் கேப்ஸ் லாக் என்று எழுதும் இடமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த விசையை அழுத்த வேண்டும். பல மடிக்கணினிகளில் எஃப் வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலை செய்யும். அப்படியானால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அல்லது ஒரேயடியாக மாற்றிவிட வேண்டும். என்விடிஏவை பென் டிரைவ் நகலாக ஓட்டாமல் முறையாக நிறுவியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நிர்வாகி உரிமையோடு ஓடும் மென்பொருட்களுக்குள் அந்த நகலால் நுழைய முடியாது.

முதல் மூன்று நாள் இணையம் வேண்டாம். கேப்ஸ் லாக்குடன் 1 அழுத்தினால் விசை உதவி தொடங்கும். அதன்பின் எந்த விசையை அழுத்தினாலும் அதன் பெயரையும் அதற்கு என்விடிஏவில் உள்ள வேலையையும் சொல்லும், வேறெதுவும் நடக்காது. எதுவும் கெட்டுவிடும் என்ற பயமில்லாமல் கீபோர்டு முழுவதும் விரலால் தடவிப் பார்க்கலாம். எஃப், ஜே இரண்டின் மேலும் சிறு மேடு இருக்கும், கை அங்கேதான் குடியிருக்க வேண்டும். பிறகு நோட்பேடைத் திறந்து எழுதட்டும். அம்புக்குறியில் எழுத்து எழுத்தாக, கன்ட்ரோலுடன் சொல் சொல்லாக, ஷிஃப்ட் சேர்த்தால் தேர்வு. பேச்சை நிறுத்த கன்ட்ரோல் விசையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பலருக்கு மாதக்கணக்கில் தெரிவதில்லை. வேண்டியது காதில் விழுந்ததும் அடுத்த விசைக்குப் போய்விடலாம். வேலை வேகம் அங்கேதான் வருகிறது.

இனி இணையப் பக்கம். பிரவுஸ் மோடில் எழுத்து விசைகள் தாவுவதற்குப் பயன்படும். எச் அடித்தால் அடுத்த ஹெடிங், ஷிஃப்டுடன் எச் அடித்தால் முந்தையது. 1 முதல் 6 வரை எண்கள் அந்தந்த நிலை ஹெடிங்குகளுக்கு. பி (B) பட்டனுக்கு, இ எழுதும் பெட்டிக்கு, கே லிங்க்குக்கு, டி (T) டேபிளுக்கு, அதாவது அட்டவணைக்கு. அட்டவணைக்குள் கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி சேர்த்துக் கட்டம் கட்டமாக நகரலாம். வரிசைத் தலைப்பும் நெடுக்கைத் தலைப்பும் கூடவே ஒலிக்கும். கேப்ஸ் லாக்குடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்திலுள்ள லிங்க்குகள், ஹெடிங்குகள், பட்டன்கள் எல்லாம் பட்டியலாக வரும். தேடும் சொல்லின் முதல் சில எழுத்துகளை அடித்தால் நேரே அங்கே போய் நிற்கும். கேப்ஸ் லாக், கன்ட்ரோல், எஃப் மூன்றும் சேர்ந்தால் சொல் தேடல். தம்பி நூறு டேப் தட்டிய பக்கத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்றால், முதலில் எச். முக்கியச் செய்தியின் தலைப்பில் நின்றதும் அங்கிருந்து கீழ் அம்பு. இரண்டு மூன்று விசை போதும். புதிய பக்கம் எதைத் திறந்தாலும் முதல் வேலையாக ஹெடிங்குகளை ஒரு சுற்றுச் சுற்றி வரும் பழக்கம் வர வேண்டும். புது வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைத் தொட்டு ஒரு சுற்று வருகிறோமே, அதுபோல.

இப்போது குழப்பம் பிறக்கும் இடம். எச் என்பது தாவும் விசை என்றால், பெயர்ப் பெட்டியில் எச் என்ற எழுத்தை எப்படி அடிப்பது? அதற்குத்தான் ஃபோகஸ் மோட். டேப் தட்டி ஓர் எழுதும் பெட்டிக்குள் நுழைந்தால் என்விடிஏ தானாக அந்த நிலைக்கு மாறும், ஒரு சிறு ஒலி எழுப்பும். அம்புக்குறியால் வந்து பெட்டியில் நின்றால் என்டர் அடித்து உள்ளே போக வேண்டும். எஸ்கேப் அடித்தால் வெளியே. கையாலும் மாற்றலாம், கேப்ஸ் லாக்குடன் ஸ்பேஸ். அந்த இரண்டு ஒலிகளையும் தம்பி காதில் பதிய வைத்துக்கொள்ளட்டும். "கீழ் அம்பு அழுத்தினால் பக்கம் நகரவில்லை" என்றால் ஃபோகஸ் மோடில் மாட்டியிருக்கிறார். "பெயர் அடிக்கப் போனால் எங்கெங்கோ தாவுகிறது" என்றால் பிரவுஸ் மோடில் இருக்கிறார். இரண்டுக்கும் மருந்து கேப்ஸ் லாக், ஸ்பேஸ்.

படிவம் நிரப்பும்போது ஒரு கட்டாயப் பழக்கம் சொல்கிறேன், என் விண்ணப்பம் போன கதையிலிருந்து வந்தது. நிரப்பத் தொடங்கும் முன் மேலிருந்து கீழாக ஒரு முறை அம்புக்குறியால் படித்துவிட வேண்டும். சமர்ப்பித்த பின் சத்தம் இல்லையென்றால் உடனே கன்ட்ரோலுடன் ஹோம் அடித்துப் பக்கத்தின் தலைக்குப் போய் மறுபடி படிக்க வேண்டும்.

விண்டோஸுக்குள்ளும் அதன் சாதாரண மென்பொருட்களிலும் பிரவுஸ் மோட் கிடையாது, ஃபோகஸ்தான். இங்கே ஒரு விதி புரிந்தால் பாதி வேலை முடிந்தது. டேப் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும், குழுவுக்குள் நகர்வது அம்புக்குறி. ஒரு கோப்புப் பட்டியலில் இருநூறு கோப்பு இருந்தாலும் டேப்புக்கு அது ஒரே நிறுத்தம். உள்ளே போனபின் மேல் கீழ் அம்பு, அல்லது கோப்பின் பெயரிலுள்ள முதல் எழுத்துகள். மரவடிவப் பட்டியலில் வலது அம்பு விரிக்கும், இடது அம்பு மூடும். "7இல் 3" என்று என்விடிஏ சொல்வதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இன்னும் எத்தனை இருக்கிறது, எங்கே நிற்கிறோம் என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும். பார்வையுள்ளவருக்கு ஸ்க்ரோல் பட்டை சொல்லும் சேதி அது.

மெனுவுக்கு ஆல்ட். ஒரு ஜன்னலுக்குள் பெரிய பகுதிகளுக்கிடையே தாவ எஃப்6. வலது கிளிக்குக்கு ஷிஃப்டுடன் எஃப்10. உரையாடல் பெட்டி திறந்து குழம்பினால் கேப்ஸ் லாக்குடன் பி (B), பெட்டியை முழுவதும் படித்துக் காட்டும். சில பட்டன்களின் பெயரோடு ஆல்ட் சேர்த்த ஓர் எழுத்தையும் சொல்லும். அதை அழுத்தினால் டேப் தட்டாமலே அந்த பட்டனை அழுத்தியதாகிவிடும்.

கணக்கு வேலை என்றீர்கள், அதனால் எக்செலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த மென்பொருளும் அதுதான். கட்டம் கட்டமாக இருப்பதால் பார்வையில்லாதவர் மனதில் அதன் வரைபடம் எளிதில் உட்கார்ந்துவிடும். கன்ட்ரோலுடன் அம்பு அழுத்தினால் தரவு முடியும் விளிம்புக்கு ஒரே தாவல். கன்ட்ரோலுடன் பேஜ் டவுன் அடுத்த தாளுக்கு. எஃப்2 கட்டத்துக்குள் திருத்த. ஆல்ட்டுடன் சமக்குறி அழுத்தினால் கூட்டல் வாய்ப்பாடு தானாக வந்து அமரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் சேர்த்தால் ஃபில்டர் வரும். தலைப்புக் கட்டத்தில் நின்று ஆல்ட்டுடன் கீழ் அம்பு அடித்தால் ஃபில்டர் பட்டியல் திறக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை. பார்வையற்றவருக்கு இன்றியமையாதது ஒன்று உண்டு. தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்று கேப்ஸ் லாக், ஷிஃப்ட், சி அழுத்திவிட்டால், அது நெடுக்கைத் தலைப்பு என்று என்விடிஏ நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு எண்ணூறாவது வரிசையில் பக்கவாட்டில் நகர்ந்தாலும் "வரி, 4500", "மொத்தம், 29500" என்று தலைப்போடு சேர்த்துச் சொல்லும். பக்கவாட்டுத் தலைப்புக்கு சிக்குப் பதில் ஆர். இதைச் செய்யாமல் பெரிய தாளில் வேலை செய்வது வெறும் எண்களின் இரைச்சலில் நிற்பதுபோல. ரிப்பன் மெனுக்களில் தொலைந்துபோனால் ஆல்ட்டுடன் கியூ அடித்து வேண்டிய கட்டளையின் பெயரை எழுதித் தேடிக்கொள்ளலாம்.

அடுத்து, பேசாத மென்பொருள். இங்கே மூன்று வகை மௌனம் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

என்விடிஏவே வாய் மூடியிருக்கலாம். கேப்ஸ் லாக்குடன் எஸ் தவறுதலாகப் பட்டால் பேச்சு முறை மாறிவிடும். அந்த விசையையே மறுபடி அழுத்தி அழுத்திப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரலாம். இதற்காகக் கணினியையே அணைத்துப் போட்டவர்கள் உண்டு.

இரண்டாவது, ஃபோகஸ் வழிதவறிப் போயிருக்கலாம். கேப்ஸ் லாக்குடன் டி (T) அழுத்தினால் ஜன்னலின் பெயர் வரும், கேப்ஸ் லாக்குடன் டேப் அழுத்தினால் ஃபோகஸ் எதில் நிற்கிறது என்று வரும். ஆல்ட்டுடன் டேப் அழுத்தி வேறு ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இணையப் பக்கமானால் கேப்ஸ் லாக்குடன் எஃப்5 அடித்து என்விடிஏவின் நகலைப் புதுப்பிக்கலாம்.

மூன்றாவது, மென்பொருளே பதில் சொல்லாதது. உங்கள் தம்பியின் கணக்கு மென்பொருள் இந்த வகையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். விண்டோஸ் தரும் ஆயத்தமான பட்டன்களையும் பட்டியல்களையும் வைத்துக் கட்டிய மென்பொருள், எழுதியவர் நினைக்காவிட்டாலும் ஓரளவு பேசிவிடும். எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும் மென்பொருளிடம் "உனக்குள் என்ன இருக்கிறது" என்று என்விடிஏ கேட்டால் ஒரு வெற்றுச் சட்டகம்தான் பதிலாக வரும். அதற்குள் நாற்பது பட்டன் இருந்தாலும் மரத்தில் ஒரு கிளையும் இருக்காது.

அப்போதுதான் ஆப்ஜெக்ட் நேவிகேஷனை எடுக்க வேண்டும். கேப்ஸ் லாக், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்பு அழுத்தினால் தாய்க்கிளைக்கு, கீழ் அம்பு முதல் குழந்தைக்கு, வலமும் இடமும் பக்கத்துக் கிளைகளுக்கு. வேண்டியது கிடைத்தால் கேப்ஸ் லாக்குடன் என்டர். அதற்கும் அசையாவிட்டால் கேப்ஸ் லாக், ஷிஃப்ட், எம் அழுத்தி மவுஸை அந்த இடத்துக்கு வரவழைத்து, கேப்ஸ் லாக்குடன் இடது சதுர அடைப்புக்குறி விசையை அழுத்தினால் இடது கிளிக். டேப் தொடாத பட்டன்கள் பலவற்றை இப்படிப் பிடித்துவிடலாம்.

கிளையே இல்லாத வெற்றுச் சட்டகமானால் கேப்ஸ் லாக்குடன் ஆர். விண்டோஸ் 10 முதல் உள்ள எழுத்துணரி திரையின் படத்தைப் பார்த்து எழுத்தாக்கித் தரும். அதில் அம்புக்குறியால் நடந்து, வேண்டிய சொல்லில் நின்று என்டர் அடித்தால் அந்த இடத்தில் கிளிக் விழும். கோல்டன் கர்சர் என்றொரு ஆட்-ஆன் (என்விடிஏவில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருக்கிறது. மென்பொருள் வாரியாக மவுஸ் நிற்க வேண்டிய இடங்களைப் பெயர் சொல்லிச் சேமித்து வைக்கலாம். நீங்கள் ஒரு நாள் கூட உட்கார்ந்து பத்து இடங்களைக் குறித்துக் கொடுத்தால் அவர் தனியாக ஓட்டிவிடுவார். ஆனால் ஜன்னலின் அளவு மாறினால் இடமும் மாறிவிடும். இந்த இரண்டும் ஊன்றுகோல்கள். தினம் எட்டு மணி நேர வேலையை எழுத்துணரியை நம்பிச் செய்ய முடியாது. எண்களில் 8ஐ 3 என்று படித்துவிட்டால் கணக்கே போயிற்று. ஒரு மென்பொருள் இந்த நிலையில் இருந்தால், அதைத் தம்பியின் தலையில் கட்டாமல் வேறு மென்பொருள் தேடுவதுதான் சரி என்பேன்.

தமிழ் பற்றியும் கேட்பீர்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும். குரல் இயந்திரம்போல இருக்கும், ஆனால் வேகமாக வைத்தாலும் தெளிவு குலையாது. இடையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் விடாது. கொஞ்சம் மனிதக் குரல் வேண்டுமென்றால் விண்டோஸின் தமிழ்க் குரலான வள்ளுவரை இறக்கிக்கொள்ளலாம். என்விடிஏவின் மெனுக்களையே தமிழில் வைக்கவும் முடியும். வேலைக்குப் போகிறவர் மெனுக்களை ஆங்கிலத்தில் பழகுவதே நல்லது என்பது என் எண்ணம். அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். படிக்கும் குரல் தமிழாக இருக்கட்டும்.

தமிழில் உண்மையான தலைவலி பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. "தமிழ்" என்ற சொல்லே அங்கே ஜே, கே, பி (P), ஓ, அரைப்புள்ளி. என்விடிஏ உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், அது உளறலாகக் கேட்கும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றுவிட்டது, ஆனாலும் இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் கைக்கு வருகின்றன. உளறல் கேட்டால் என்விடிஏ கெட்டுவிட்டது என்று நினைக்காமல், அந்த எழுத்தை எடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேறு பிரச்சினை. அது வெறும் படம், தமிழ் படிக்கத் தெரிந்த எழுத்துணரிதான் வழி.

தமிழ் தட்டச்சுக்கு தமிழ்99 முறையைப் பரிந்துரைக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் விரலுக்குச் சீக்கிரம் பழகும், பல இடங்களில் புள்ளி தானாக விழும். திருத்தும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: அம்புக்குறி "கொ" என்பதை ஒரே எழுத்தாகத் தாண்டும், பேக்ஸ்பேஸ் அதன் கொம்பையும் காலையும் மட்டும் எடுத்துவிட்டு "க"வை விட்டுவைக்கும். இது தெரியாமல் எழுத்து தப்பும் தவறுமாகச் சேர்ந்துவிடும்.

நீங்கள் எப்படி உதவலாம் என்பதற்கு வருகிறேன். மவுஸைக் கழற்றிவிடுங்கள். "அந்த மூலையில் நீலமாக இருக்கிறதே, அதைக் கிளிக் செய்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அவர் காதில் விழுவது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என்விடிஏ மெனுவின் கருவிகள் பகுதியில் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. பேசுவதையெல்லாம் எழுத்தாக ஒரு ஜன்னலில் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பெயரில்லாமல் வெறும் "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்று வரிசையாக வருவதைப் பார்த்தால் அவர் ஏன் மூடி வைத்தார் என்று உங்களுக்கே விளங்கும். கீபோர்டில் கை வைக்க வேண்டாம். அவர் தடுமாறும்போது விசையை நீங்கள் அழுத்திவிட்டால் அந்த இடம் அவருக்கு என்றைக்கும் வராது. வேகத்தை வாரம் ஒரு படி மட்டும் கூட்டச் சொல்லுங்கள். என் என்விடிஏ பேசுவது பக்கத்திலிருப்பவருக்கு ஒன்றும் புரியாது, எனக்கு அது சாதாரணப் பேச்சு. அந்தக் காது ஒரே நாளில் வராது, ஆனால் வரும்.

ஜாஸ் வாங்க வேண்டுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். என்விடிஏ ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் தே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள், சிறுவயதில் ஓர் இசை முகாமில் சந்தித்துக்கொண்டவர்கள். வாங்க வசதியில்லாத பார்வையற்றவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்று செய்ததால் இன்றுவரை இலவசம். அதில் தேர்ந்துவிட்டால், அலுவலகம் ஜாஸ் தந்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். எச், இ, டேப் எல்லாம் அங்கேயும் அதே வேலைதான் செய்யும்.

அந்தக் கணக்கு மென்பொருள் விஷயத்தில் கடைசியாக ஒன்று. அதை எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தம்பியே எழுதினால் இன்னும் நல்லது. "பார்வையற்றவர்களுக்கு ஏற்றதாக இல்லை" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்தத் திரை, எந்த விசை, என்விடிஏ என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். "ரசீதுத் திரையில் டேப் அழுத்தினால் தொகைப் பெட்டிக்குப் பெயர் வரவில்லை, 'எடிட்' என்று மட்டும் சொல்கிறது. சேமிக்கும் பட்டனுக்கு டேப் போகவே இல்லை. தவறு நேர்ந்தால் வரும் செய்திக்கு ஃபோகஸ் போக வேண்டும்." நிரல் எழுதுபவருக்கு இப்படிச் சொன்னால் செய்ய வேண்டிய வேலை தெரியும். பெட்டிக்குப் பெயர் வைப்பது பல இடங்களில் ஒரு வரி நிரல். ஆயத்தமான பட்டன் இருக்கும்போது தானே ஒன்றை வரைந்து வைக்காமல் இருப்பதுதான் அவர்கள் செய்ய வேண்டிய பெரிய மாற்றம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பம் நமக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. கடிதத்தின் கடைசிப் பத்தியில் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

தம்பி நோட்பேடும் எக்செலும் பழகியபின் எங்கேயாவது சிக்கினால் எனக்கு எழுதட்டும். என்விடிஏ 2025.1 பதிப்பிலிருந்து ரிமோட் ஆக்சஸ் உள்ளேயே வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே சாவிச்சொல்லைக் கொடுத்தால் அவர் கணினி பேசுவது என் காதில் கேட்கும், என் விசைகள் அங்கே ஓடும். அந்தப் பேசாத மென்பொருளின் மரத்தில் என்ன இருக்கிறது என்று நானே ஏறிப் பார்த்துச் சொல்கிறேன்.